டிராகன் இறக்கை ஒட்ட வச்ச மாதிரியே இருக்கு, யார் சொல்றதைக் கேக்கறது?

கிறுக்கல்_2பி:
வணக்கம் மக்களே. நான் முறையா ஓவியம் படிச்சதில்லை, ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரில பென்சில்ல ஸ்கெட்ச் போட்டு க்ரிட்டாங்கற கம்ப்யூட்டர் ஓவிய சாஃப்ட்வேர்ல கலர் பண்றேன். டிராகன்னா சின்ன வயசுலேர்ந்தே உயிர். இப்போ மலை விளிம்புலேர்ந்து எகிறிக் கிளம்பற மாதிரி ஒண்ணு போட்டிருக்கேன், நாலு கால், ரெண்டு இறக்கை, உடம்பு பூரா செதில். காட்டினா ஒருத்தர் இறக்கை ஒட்ட வச்ச மாதிரி இருக்குங்கறார், இன்னொருத்தர் சின்னதா இருக்கு பெருசாக்குங்கறார், இன்னொருத்தர் அதை இடுப்புப் பக்கம் தள்ளுங்கறார். பெருசாக்கிப் பாத்தேன், இன்னும் ஒட்டலை. செதிலும் கோழி வலை போத்தின மாதிரி தட்டையா தெரியுது. என்ன பண்ணலாம்? மூணு பேர் மூணு விதமா சொன்னா எதை எடுத்துக்கறது?

வௌவால்_நோட்டு:
ப்ரோ, சைஸை விடுங்க, தோள் எங்கே? முதுகெலும்பு உள்ள எந்தப் பிராணிக்கும் ஆறு கை கால் கிடையாது, அதனால நாலு கால் டிராகனுக்கு ரெண்டாவது ஜோடி தோளை நீங்கதான் கண்டுபிடிச்சு உள்ளே வைக்கணும். முன்னங்கால் தோள்பட்டைக்குக் கொஞ்சம் பின்னாடி மேல இன்னொரு தோள்பட்டை வச்சுப் பாருங்க. ஆனா நிஜமான விஷயம் முதுகுல இல்லை, நெஞ்சுல இருக்கு. இறக்கையைக் கீழே அடிக்கிற தசை நெஞ்சுலேர்ந்துதான் வருது. அடுத்த தடவை கோழி வாங்கும்போது நெஞ்செலும்பை எடுத்துக் கழுவிப் பாருங்க, நடுவுல செங்குத்தா ஒரு தகடு நிக்கும், பறக்கிற தசை ரெண்டு பக்கமும் அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். பறக்காத நெருப்புக்கோழிக்கு அந்தத் தகடே கிடையாது. உங்க டிராகனுக்கு நெஞ்சு நாய் அளவுக்கு ஒல்லியா இருந்தா எவ்ளோ பெரிய இறக்கை போட்டாலும் கண்ணு நம்பாது.

அடுத்து, இறக்கைங்கறது கை. பழந்தின்னி வௌவால் போட்டோவை ஜூம் பண்ணிப் பாருங்க, நாலு விரல் நீண்டு சவ்வைத் தாங்குது, கட்டைவிரல் மட்டும் நகத்தோட வெளியே கொக்கியா நிக்குது. டைனோசர் காலத்துல பறந்த ஊர்வன இனமான டெரோசார்ல வேற கணக்கு, நாலாவது விரல் ஒண்ணே ஒண்ணுதான் முழு இறக்கையையும் தாங்கிச்சு, அதை வச்சே கெட்ஸால்கோவாட்லஸ்னு ஒண்ணு சுமார் 10 மீட்டர் அகலத்துக்கு விரிச்சுது. ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்து கடைசி வரை அதையே பிடிங்க, கலந்தா குழப்பம்தான். சவ்வு ஓரம் விரலுக்கு விரல் உள்வாங்கி வளையணும், உடம்புல விலாவோட ஒட்டிப் பின்னங்கால் வரைக்கும் போகட்டும்.

நாலு கால் வேணாம்னா முன்னங்காலையே இறக்கையாக்கிடுங்க. பிரிட்டிஷ் குலச் சின்னங்கள்ல அந்த ரெண்டு கால் வகைக்கு வைவர்ன்னு தனிப் பேரே உண்டு. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுல இருக்கற பறக்கும் ஓணானுக்கு விலா எலும்பே நீண்டு இறக்கையா விரியுது, நாலு காலும் ஃப்ரீயா இருக்கு. ஆனா அது மரத்துக்கு மரம் சறுக்கும், அடிச்சுப் பறக்காது.

ஈரமண்:
மேல சொன்னதெல்லாம் சரிதான், ஆனா ஒவ்வொரு படத்துக்கும் எலும்புக்கூடு போட ஆரம்பிச்சா படம் செத்துடும். முதல்ல எடை எங்கே விழுதுன்னு பாருங்க. கோயில் தூண்ல யாளி பின்னங்கால்ல ஊன்றி எழும்பி நிக்குமே, மதுரை ஆயிரங்கால் மண்டபத்துல போய் நின்னு தொடையையும் பாதத்தையும் மட்டும் வரைஞ்சு பாருங்க. யானைத் துதிக்கையும் சிங்க உடம்புமா ஒரு பிராணி எங்கேயும் கிடையாது, ஆனா அந்த ஊன்றல்ல கண்ணு சந்தேகப்படறதே இல்லை.

செதிலுக்கு உடும்பையும் முதலையையும் பாருங்க. முதலை முதுகுல எலும்புத் தகடு வரிசை வரிசையா, விலாவுல சின்ன உருண்டைச் செதில், வயித்துல சதுரமா வழுவழுன்னு, மூட்டு மடங்கற இடத்துல இன்னும் பொடி. ஒரே அளவுல போட்டதாலதான் உங்களுக்குத் தட்டையா தெரியுது. முதல்ல உடம்பைச் சுத்தி வளையம் வளையமா லேசா கோடு இழுத்துட்டு செதில் வரிசையை அதுமேல ஓட்டுங்க. அப்புறம் வெளிச்சம் நிழலா மாறற அந்த எல்லைல மட்டும் விவரமா போட்டுட்டு மத்த இடத்தை விட்டுடுங்க, நல்ல வெளிச்சத்துலயும் ஆழ்ந்த நிழல்லயும் செதில் தனித்தனியா தெரியவே தெரியாது.

மைக்கறை:
விமர்சனம் பத்தி யாரும் சொல்லலையே, எனக்கு அதுதான் முக்கியமா படுது தம்பி. மூணு பேரும் மூணு விதமா சொல்லலை, மூணு பேரும் ஒரே இடத்தைத்தான் காட்டியிருக்காங்க. இறக்கையும் உடம்பும் சேர்ற இடம். அந்த இடத்துல கோளாறுங்கறதை அப்படியே நம்புங்க, பாக்கறவங்க கண்ணு அதுல பெரும்பாலும் தப்பாது. அதை எப்படி சரி பண்றதுங்கறது மட்டும் அவங்க யூகம், அதை வௌவாலையும் கோழி எலும்பையும் வச்சு நீங்கதான் சோதிக்கணும்.

கேக்கற விதத்தையும் மாத்துங்க. எப்படி இருக்குன்னு கேட்டா சூப்பர்னு வரும், இல்லைன்னா வாய்க்கு வந்தது வரும். இது பறக்கும்னு நம்பறீங்களா, எந்த இடத்துல நம்பிக்கை போகுதுன்னு கேளுங்க. படத்தைப் பத்தி முன்கூட்டி எதுவும் விளக்காதீங்க. காட்டறதுக்கு முன்னாடி நீங்களே க்ரிட்டாவுல மிரர் பண்ணி ஒரு தடவை, முழுசா கறுப்பு ரொப்பி நிழலுருவமா ஒரு தடவை பாருங்க. பாதி கோளாறு அங்கேயே தெரிஞ்சுடும். யாராவது உங்க படத்து மேலேயே திருத்தி வரைஞ்சு குடுத்தா அதை டிரேஸ் பண்ணாதீங்க, பக்கத்துல வச்சுக்கிட்டு புதுசா வரைங்க.

கிறுக்கல்_2பி:
ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். கறுப்பு ரொப்பிப் பாத்தேன், நெஞ்சே இல்லைன்னு உடனே தெரிஞ்சுது. வௌவால் கையே எடுத்துக்கறேன், நாலு காலும் இருக்கட்டும். ஒரே ஒரு சந்தேகம், எகிறற நேரத்துல இறக்கை மேலயா கீழயா இருக்கணும்?

வௌவால்_நோட்டு:
மேல. பறவைங்க கிளம்பும்போது முதல் உந்தல் பெரும்பாலும் கால்லேர்ந்துதான் வரும், அதனால பின்னங்கால் ரெண்டும் முழுசா நீண்டு விரல் பாறையை விடப்போற நிலைல இருக்கட்டும், இறக்கை தூக்கி அடிக்கத் தயாரா இருக்கட்டும், கழுத்து போற திசைல நீளட்டும். பென்சில் ஸ்கெட்ச்சை முதல்ல போடுங்க, கலர் அப்புறம் பாத்துக்கலாம்.