புதுப்பிப்பு: அம்மாவின் எக்கோ (இதய ஸ்கேன்) தேறியிருக்கிறது, மாத்திரை தொடர்கிறது

அம்மாவுக்கு டைலேட்டட் கார்டியோமயோபதி, இதயம் விரிந்து தளர்ந்துவிட்டது என்று போன வருடம் இங்கே எழுதியிருந்தேன். விரிந்த தசை பழைய நிலைக்குத் திரும்புமா என்று பலரும் கேட்டிருந்தீர்கள். அப்போது ஒரு துடிப்புக்கு இடது கீழறை, தன்னுள் நிரம்பிய ரத்தத்தில் வெளியேற்றியது 28 சதவீதம். இப்போது 52! அறையும் சுருங்கியிருக்கிறது.

விரியும்போது தசை செல்கள் நீள்கின்றன, இடையில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் தழும்பாகப் படிகிறது, நீள்வட்டமாக இருந்த அறை உருண்டையாகிறது. அறை பெரிதாகப் பெரிதாகச் சுவரின் மேல் இழுவிசை கூடும். அதே அழுத்தத்துக்குத் தசை இன்னும் பாடுபட வேண்டும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மிட்ரல் வால்வும் சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசியும். ரத்தம் போதவில்லை என்று உடல் அட்ரினலின், ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன்களைக் கூட்டுகிறது. நாளடைவில் அவையே தசையை மேலும் கெடுக்கின்றன. இந்தச் சுழலைத்தான் மாத்திரைகள் தடுக்கின்றன.

சரி, தேறிவிட்டதே, நிறுத்தலாமா? பிரிட்டனில் நடந்த ட்ரெட்-எச்எஃப் ஆய்வு இதைத்தான் பார்த்தது. அம்மாவைப் போலத் தேறிய 51 பேர். மருந்தைப் படிப்படியாக நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு 6 மாதத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் அந்த 6 மாதத்தில் யாருக்கும் இல்லை. எண் நன்றாக இருந்தாலும் தசை முழுதாகக் குணமாகவில்லை என்றே டாக்டரும் சொன்னார். உங்கள் வீட்டில் யாராவது தேறியிருந்தால், தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அம்மா தினமும் காலையில் எடை பார்க்கிறார். திடீரென்று கூடினால் நீர் சேர்கிறது என்று அர்த்தம், உடனே டாக்டரிடம் சொல்லிவிடுவோம்.