60 டிகிரியில் துவைத்தும் மீன் ரத்தக் கறை போகவில்லை, உதவுங்கள்

பாம்பன் வீட்டம்மா:
வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். போன மாதம் முன்பக்கம் திறக்கிற வாஷிங் மிஷின் வாங்கினோம். தண்ணீரை அதுவே சுட வைத்துக்கொள்ளும். வெந்நீருக்கு அழுக்கு ஓடிவிடும் என்று எல்லாவற்றையும் 60 டிகிரியில் போட்டேன். மீன் ரத்தம் பட்ட சட்டையில் கறை காப்பி நிறத்தில் நின்றுவிட்டது. கவிச்சியும் போகவில்லை. கறுப்புக் கைலியில் வெள்ளைத் திட்டு வேறு. போர் தண்ணீர்தான், வாயில் வைத்தால் கரிக்கும். எந்தச் சூட்டில் போடுவது?

கீழக்கரை அக்கா:
ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது தங்கச்சி. முட்டை வெந்தால் கெட்டியாகிறதல்லவா, ரத்தத்தில் இருக்கிற புரதமும் அப்படித்தான் நூலோடு பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசி அரை மணி நேரம் ஊற வையுங்கள். கறை போன பிறகு 40 டிகிரி. மீன் எண்ணெய்ப் பிசுக்கு இளக அது போதும். கவிச்சிக்கு ஒரு வாளித் தண்ணீரில் கால் டம்ளர் வினிகர் விட்டு அலசுங்கள். பிளீச்சிங் பவுடரோடு மட்டும் வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

தொண்டி தம்பி:
அந்தக் காலத்தில் வெள்ளாவி வைத்துத்தானே வெளுத்தார்கள்?

கீழக்கரை அக்கா:
வெளுத்தார்கள் தம்பி, வெள்ளைப் பருத்தித் துணியை. இப்போதும் துண்டு, போர்வை, காய்ச்சல்காரர் துணி என்றால் 60 சரிதான். சாயத் துணியை அதில் போட்டால் பக்கத்துத் துணியும் சேர்ந்து கெடும்.

பாம்பன் வீட்டம்மா:
நேற்று மத்தியானம் சூடே வைக்காமல், ஊறவும் வைத்துப் போட்டேன். புதுக் கறையும் பாதி நின்றுவிட்டது அக்கா.

கீழக்கரை அக்கா:
மத்தியானமா? மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரா? இந்த வெயிலில் அந்தக் குழாயில் கை வைத்துப் பாருங்கள்! சூடு வேண்டாம் என்று வைத்தால் மிஷின் தண்ணீரைக் குளிர வைக்காது, குழாயில் வருவதை அப்படியே எடுக்கும். விடியற்காலையில் போடுங்கள். இல்லாவிட்டால் பானைத் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள்.

ராமநாதபுரம் மெக்கானிக்:
வெள்ளைத் திட்டு உப்பும் சுண்ணாம்பும், கூடவே கரையாத பவுடரும். பவுடரை அள்ளிக் கொட்டினால் திட்டு கூடும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மழைத் தண்ணீரோ காவிரித் தண்ணீரோ கிடைத்தால் நல்லது. இந்தத் தண்ணீரை அடிக்கடி 60க்கு ஏற்றினால் ஹீட்டரில் சுண்ணாம்பு படியும். நான் கழற்றுகிற ஹீட்டர் பலதும் கருவாட்டுக்கு உப்புத் தடவின மாதிரிதான் இருக்கும்.

பாம்பன் வீட்டம்மா:
இன்று காலை 5 மணிக்குப் போட்டேன், நேற்றைய சட்டை சுத்தமாக வந்துவிட்டது. பழைய காப்பிக் கறை அசையவில்லை. அதைக் கடலுக்கே போட்டுக்கொள்கிறேன் என்று அவர் எடுத்து வைத்துவிட்டார். கணவாய் மைக்கு என்ன செய்வது அக்கா?

கீழக்கரை அக்கா:
காய்வதற்குள் அலசினால் உண்டு. காய்ந்துவிட்டால் அது கணவாய்ச் சட்டைதான்.