சுழலாத கசையிழை கொண்ட ஈ. கோலி திரிபு எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. இளநிலை நுண்ணுயிரியல் மாணவர்களுக்குக் கசையிழை மோட்டாரைப் (பாக்டீரியாவை நீந்தவைக்கும் வால் போன்ற இழையைச் சுழற்றும் புரத இயந்திரம்) பற்றிப் பாடம் எடுக்கிறேன். அதை அவர்கள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

ஈ. கோலியில் 2 மோட்-பி புரதங்களைச் சுற்றி 5 மோட்-ஏ புரதங்கள் வளையமாக நிற்கின்றன. புரோட்டான்கள் உள்ளே பாயும்போது அந்தச் சிறு வளையம் சுழன்று, கசையிழையின் அடியில் உள்ள பெரிய வளையத்தின் ஃப்ளி-ஜி புரதத்தைப் பல்சக்கரம் போலத் தள்ளுகிறது. இந்த 5:2 அமைப்பு 2020-இல்தான் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெளிவானது. எனக்கு மிகவும் பிடித்த இடம் திசை மாற்றம். சிறு வளையம் எப்போதும் ஒரே திசையில்தான் சுழல்கிறது. பாஸ்பேட் ஏறிய சி-ஒய் (CheY) என்ற சமிக்ஞைப் புரதம் வந்து ஒட்டியதும் பெரிய வளையத்தின் வடிவம் மாறுகிறது. வெளிப்பக்கம் இருந்த தொடர்பு உட்பக்கத்துக்குப் போகிறது, சுழற்சி தலைகீழாகிறது. அற்புதமான ஏற்பாடு!

சரி, கேள்விக்கு வருகிறேன். மோட்-ஏ மரபணு நீக்கப்பட்ட கே-12 (ஆய்வகங்களில் பயன்படும் ஈ. கோலி வகை) திரிபு ஒன்று வேண்டும். அதில் கசையிழை வளரும், ஆனால் சுழலாது. 0.3% அகாரில் (மென்மையான வளர்ப்புக் கூழ்) இயல்பான திரிபு வட்டமாகப் பரவும், இது வைத்த இடத்திலேயே நிற்கும். கூடவே நன்றாக நீந்தும் கே-12 திரிபும் தேவை (எல்லா ஆய்வகத் திரிபுகளும் நீந்துவதில்லை).

இந்தியாவில் கல்லூரிகளுக்கு இவற்றைத் தருபவர்கள் யார்? என்னென்ன அனுமதிக் கடிதங்கள் வேண்டும்? அப்புறம், திசை மாற்றத்தைக் காட்டும் முப்பரிமாண அச்சு மாதிரி யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.