வாரம் 500 ரூபாய் என்று வைத்துத்தான் கிளஸ்டர் ஸ்லாட் ஆடுகிறேன், காசு நிற்கவே இல்லை

மழைநாள், குலசேகரம்

எனக்கு ரப்பர் வெட்டு வேலை. விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஏறினால், 350 மரம் வெட்டிப் பாலெடுத்துக் கொடுத்துவிட்டு வீடு வரப் பதினொரு மணி ஆகும். ஆனி, ஆடி மழையில் மரம் நனைந்துவிட்டால் வெட்டு கிடையாது. அப்படிச் சும்மா இருந்த நாட்களில்தான் போனில் காசு வைத்து ஆடும் இந்தக் கிளஸ்டர் ஸ்லாட் பழகியது. ஏழுக்கு ஏழு கட்டம். ஒரே மிட்டாய் ஐந்து ஒட்டி நின்றால் வெடிக்கும், மேலிருந்து புதியவை விழும், அவையும் சேர்ந்தால் மறுபடி வெடிக்கும்.

சனிக்கிழமை கூலி வந்ததும் 500 ரூபாய், அதற்கு மேல் இல்லை என்று வைத்திருக்கிறேன். சுற்றுக்கு 5 ரூபாய். ஒரு நாள் அரை மணி நேரத்தில் 3,200 ஆனது. எடுக்காமல் ஆடினேன், எல்லாம் போய்விட்டது. அதற்குப் பிறகு 500 ரூபாய் கால் மணி நேரம்கூட நிற்பதில்லை.

சுற்றை 2 ரூபாய்க்குக் குறைத்தால் நிற்குமா? இலவசச் சுற்றைக் காசு கொடுத்து வாங்க ஒரு பொத்தான் இருக்கிறதே, அது லாபமா? எந்த நேரத்தில் நன்றாக விழும் என்று யாராவது கவனித்திருக்கிறீர்களா?

தக்கலைக்காரன், இப்போது லீட்ஸ்

அண்ணே, நான் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே இது உரிமம் வாங்கி நடத்துகிற ஆட்டம். மாதம் 20 பவுண்டு வைத்து நானும் ஆடுகிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நேரம் பார்ப்பதில் ஒன்றும் இல்லை. நீங்கள் அழுத்திய அந்த நொடியிலேயே எத்தனை வெடிக்கும், எவ்வளவு கிடைக்கும் என்பதெல்லாம் சர்வரில் முடிவாகிவிடும். மிட்டாய் ஒவ்வொன்றாக விழுவது அந்த முடிவைக் காட்டுகிற படம்தான். போன சுற்றில் வரவில்லை என்பதற்காக அடுத்த சுற்றில் வந்தே தீரும் என்பதும் இல்லை.

இந்த வகை ஆட்டங்களில் வைத்த காசில் சராசரியாகத் திருப்பித் தரும் விகிதம், அதாவது ஆர்.டி.பி., பெரும்பாலும் 96 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 96.5 என்றே வைத்துக்கொள்வோம். 5 ரூபாய்ச் சுற்றில் சராசரி இழப்பு பதினேழரை பைசா. நூறு சுற்றுக்கு 17 ரூபாய் 50 பைசாதானே, பிறகு 500 எப்படிக் கால் மணி நேரத்தில் போகிறது? அந்த 96.5 எல்லாச் சுற்றிலும் பரவிக் கிடப்பதில்லை. அதில் கணிசமான பங்கு எப்போதாவது வருகிற இலவசச் சுற்றுகளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. நூறு சுற்றில் அது ஒருமுறைகூட வராமல் போவது சாதாரணம். 2 ரூபாய் ஆக்கினால் 500க்கு நூறு சுற்றுக்குப் பதில் 250 சுற்று கிடைக்கும். கூடுவது நேரம், லாபம் கூடாது.

வாங்கும் பொத்தானைத் தொடாதீர்கள். பல ஆட்டங்களில் அதன் விலை சுற்றுத்தொகையைப் போல நூறு மடங்கு. 5 ரூபாயில் ஆடினால் 500. ஒரு வாரக் கணக்கு ஒரே அழுத்தில் முடிந்துவிடும். கொடுத்த விலையைவிடக் குறைவாகத் திரும்புவதுதான் அதிகம் நடக்கும்.

இன்னொன்று. இங்கே 2025 ஏப்ரலிலிருந்து ஒரு சுற்றுக்கு 5 பவுண்டுக்கு மேல் வைக்க முடியாது, 25 வயதுக்குக் கீழே இருந்தால் அந்த மே மாதத்திலிருந்து 2 பவுண்டு. சுற்றுக்குக் குறைந்தது இரண்டரை நொடி இடைவெளி உண்டு, கிரெடிட் கார்டு செல்லாது. நான் வைத்த 20 பவுண்டு எல்லையை ராத்திரி வேகத்தில் கூட்ட நினைத்தாலும் உடனே கூட்ட விடமாட்டார்கள், காத்திருக்க வேண்டும். என் எல்லைக்கு ஒரு பூட்டு இருக்கிறது. உங்கள் 500க்கு அப்படி ஏதாவது இருக்கிறதா?

வங்கி அக்கா, கருங்கல்

தம்பி, காசு எந்தப் பெயருக்குப் போகிறது என்று ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் பெயர் வந்தால், அவை பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த கணக்குகள். அதில் ஒன்று சைபர் கிரைம் புகாரில் சிக்கினால், அதோடு வரவு செலவு வைத்த கணக்குகளும் முடக்கப்படலாம். கூலிப் பணம் வருகிற கணக்கு மாட்டிக்கொண்டால் வீட்டுச் செலவுக்கு எங்கே போவீர்கள்? லீட்ஸ் தம்பி சொன்ன கணக்கும் உரிமம் உள்ள இடத்துக்குத்தான் பொருந்தும். நம் ஊரில் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை, ஆடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. அந்தத் தளம் 96.5 என்று போட்டிருந்தால் அதைச் சரிபார்க்க ஒரு ஆளும் இல்லை. பணம் ஏமாந்தால் சைபர் கிரைம் புகாருக்கு 1930. மனசு நிற்காமல் தவித்தால் மனநல உதவிக்கு 14416, இலவசம், தமிழில் பேசுவார்கள்.

களியக்காவிளை

எங்கள் அப்பா பாறசாலைக்குப் போய்க் கேரள லாட்டரி எடுப்பார். இங்கே 2003லேயே லாட்டரியை நிறுத்திவிட்டார்களே. ஆனால் அதில் மூன்று மணிக் குலுக்கல் முடிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார். உங்கள் போனில் மூன்று நொடிக்கு ஒரு குலுக்கல் நடக்கிறது.

மழைநாள், குலசேகரம்

அக்கா சொன்னதும் யு.பி.ஐ. கணக்கை உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். எட்டு வாரம். 4,000 ரூபாய் இருக்க வேண்டும். 23 தடவை போட்டிருக்கிறேன், மொத்தம் 11,300. திரும்ப எடுத்தது 1,200. ஐந்து வேறு வேறு பெயர், ஒருவரையும் எனக்குத் தெரியாது. வாரம் 500 என்று மேலே எழுதியபோது அதை உண்மை என்றே நம்பி எழுதினேன். சனிக்கிழமை போட்டதை மட்டும் நினைவில் வைத்திருந்திருக்கிறேன். செவ்வாய், புதன் ராத்திரிகளில் போட்டது எதுவும் என் மனதில் ஏறவே இல்லை.

வீட்டில் அவளிடம் அந்தத் தாளைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அவளே போனை வாங்கி ஆப்பை அழித்தாள். உள்ளே 140 ரூபாய் கிடந்தது, கிடக்கட்டும்.

இப்போது வேறு ஒன்று கேட்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் மரத்துக்கு, வெட்டில் மழைநீர் வழியாமல் தடுக்கும் ரெயின்கார்டு போட்டால் மழை நாளிலும் வெட்டலாம் என்று முதலாளியிடம் சொன்னேன், பாதிச் செலவு தருகிறேன் என்கிறார். திருவட்டார், பேச்சிப்பாறை பக்கம் யாராவது போட்டிருக்கிறீர்களா? பிளாஸ்டிக், தார்ப்பசை எல்லாம் சேர்த்து மரத்துக்கு எவ்வளவு ஆகிறது?