போலோ ஜிடிஐக்கு 24 லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கோவையில் இருக்கிறேன். பெங்களூரில் ஒரு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ (போலோவின் ஸ்போர்ட்ஸ் மாடல்) விற்பனைக்கு வந்திருக்கிறது. 2017 பதிவு, இரண்டாவது ஓனர், 41,000 கி.மீ. ஓடியிருக்கிறது, கர்நாடகப் பதிவெண். விலை 24 லட்சம். ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டாராம்.

அரிய கார்தான், மறுக்கவில்லை. இந்தியாவுக்கு ஒதுக்கியதே 99. 1.8 லிட்டர் டர்போ, 192 பிஎஸ், மூன்று கதவு. ஆனால் 2016 நவம்பரில் 25.99 லட்சத்துக்கு வந்து, பிறகு 19.99 லட்சத்துக்கு இறங்கிய கார் இது. புதிதாக இருந்தபோதே அந்த விலைக்கு யோசித்தார்கள்!

விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் வேறு ஜிடிஐ எதுவும் சந்தையில் கண்ணில் படவில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட் சொன்ன ஐடிவி (காப்பீட்டுக்காகக் கணக்கிடும் காரின் மதிப்பு), கேட்கும் விலையில் பாதிகூட இல்லை. வங்கியில் இவ்வளவு பழைய காருக்குக் கடன் கிடையாது என்றுவிட்டார்கள். சர்வீஸ் ரெக்கார்டு வாங்கிப் பார்த்தேன், சுத்தம். ஓட்டியும் பார்த்தேன். நெரிசலில் முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது லேசாக உதறுகிறது. வேகம் எடுத்தால் இல்லை. ஏழு கியர் டிரை கிளட்ச் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) என்பதால், கியர் மாறுவதைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் பழுதாகிவிடுமோ என்ற பயம் இருக்கிறது. இன்ஜின் சத்தம், டர்போ இழுவை எல்லாம் அருமை (அதுதான் சிக்கலே). கதவும் பின்சீட் பக்கவாட்டுக் கண்ணாடியும் நம் ஊர் ஐந்து கதவு போலோவுடையது பொருந்தாது. வேறு மாநிலத்துக்கு மாற்ற வாங்கும் என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டுச் சாலை வரி வேறு தனி.

ஜிடிஐ வைத்திருப்பவர்கள், வாங்கியவர்கள், விற்றவர்கள் சொல்லுங்கள்: இந்த நிலையில் உள்ள வண்டிக்கு நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள்?