சோலார் மானியம், சூர்யமித்ரா, எனர்ஜி ஆடிட்னு அலைஞ்சவங்க அனுபவத்தைப் போடுங்க

மொட்டைமாடி_திருச்சி

நானே ஆரம்பிக்கிறேன். வீட்டுக் கூரைல சோலார் போட மத்திய அரசு மானியம் தர்ற பிஎம் சூர்யா கர் பத்தி இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்ல, 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம், விண்ணப்பிக்கற போர்ட்டல், பேனல் போட்டுத் தர்ற வெண்டர் லிஸ்ட் எல்லாம் தெரிஞ்சதுதான். ரேட் பேசி முடிச்சு அக்ரிமென்ட்ல கையெழுத்து வாங்க வெண்டர் ஒரு பையனை அனுப்பிருந்தாங்க, ஹெல்மெட்டைக்கூட கழட்டல, வாசப்படிலயே உக்காந்து ஒவ்வொரு பக்கமா திருப்பிக் கையெழுத்து வாங்கினான். முடிஞ்சதும் "அப்படியே ஒரு பிளாங்க் செக் குடுத்துருங்க சார்"ங்கறான். எதுக்குப்பான்னு கேட்டா, சப்சிடி உங்க அக்கவுண்டுக்குத்தான் வரும், நாங்க அதைக் கழிச்சுத்தான் ரேட் சொல்லிருக்கோம், வந்ததும் செக்கைப் போட்டு எடுத்துக்குவோம்னு சொல்றான். தொகை வேணாம் தேதி வேணாம், கையெழுத்து மட்டும் போதுமாம். நான் யோசிக்கிறதைப் பாத்துட்டு "இந்தத் தெருவுல எல்லாரும் குடுத்துருக்காங்க சார்"னு பையோட ஜிப்பைத் திறந்து காட்டினான் பாருங்க, உள்ள செக்கு கட்டு, ரப்பர் பேண்டு போட்டு வச்சிருந்தான்.

நான் குடுக்கல. வேற வெண்டரைப் பிடிச்சேன், முழுப் பணத்தையும் பேங்க் லோன் போட்டுக் கட்டினேன் (3 கிலோவாட் வரைக்கும் 2 லட்சம் அடமானம் இல்லாம தர்றாங்க). சப்சிடியும் என் அக்கவுண்டுக்கே வந்துருச்சு. ஆனா அந்த ரப்பர் பேண்டு கட்டு மட்டும் இன்னும் கண்ணுல நிக்கிது, யாரு யாரு கையெழுத்தோ அதுல.

வேலைதேடும்_ட்ரிபிள்இ

செக்கு கட்டு மேட்டர் பயங்கரம் அண்ணா. என்னோடது பணம் சம்பந்தப்பட்டது இல்ல. பிஇ ட்ரிபிள்இ முடிச்சுட்டு சும்மா இருந்தப்போ சோலார் பேனல் பொருத்தற வேலைக்கு அரசு தர்ற சூர்யமித்ரா பயிற்சி பத்திக் கேள்விப்பட்டேன், 600 மணி நேரம், 3 மாசம், தங்குறது சாப்பாடு எல்லாம் இலவசம், முடிச்சா ஸ்கில் கவுன்சில் சர்டிபிகேட். சரின்னு ஒரு சென்டருக்கு ஃபைலோட போனேன். டேபிள்ல இருந்தவர் ஒவ்வொரு பேப்பரா பாத்துட்டு வந்து டிகிரி சர்டிபிகேட்டைப் பாத்ததும் நிறுத்திட்டாரு. அதை ரெண்டு விரலால என் பக்கம் தள்ளி, "இதை உள்ள வச்சுருங்க தம்பி, பத்தாவது மார்க் ஷீட்டும் ஐடிஐ-யும் இருந்தா குடுங்க"ன்னாரு. ஐடிஐ நான் எங்க போவேன்? இன்ஜினியரிங் டிகிரி இருக்கறவங்களுக்கு இது கிடையாதுன்னு ரூல்ல இருக்காம். எனக்குப் பின்னாடி நின்ன பையன் என் டிகிரியை எட்டிப் பாத்துட்டு சிரிச்சான், கிண்டலாச் சிரிச்சானா பாவம்னு சிரிச்சானான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. எங்க வீட்டுல அந்த சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டணும்னு சொல்லிட்டிருந்தாங்க, அதைத்தான் உள்ள வைக்கச் சொன்னாரு.

சூரியக்கம்பி

தம்பி வருத்தம் புரியுது ஆனா அந்த ரூல் சரியான ரூல்தான்னு நான் சொல்வேன். நான் வயர்மேன் ஐடிஐ, சூர்யமித்ரா முடிச்சவன். எங்க பேட்ச்ல 30 சீட், அதுல பிஇ பசங்களை விட்டா எங்களுக்கு எத்தனை மிஞ்சும்? நீங்க முடிச்சுட்டு சூப்பர்வைசர் வேலை கிடைக்கலன்னு ஒரே மாசத்துல போயிருவீங்க, கூரை மேல நிக்கப் போறது நாங்க.

என் கதை சின்னதுதான். பயிற்சி முடிச்சுப் போன முதல் சைட்ல 20 வருஷம் ஹவுஸ் வயரிங் பண்ண ஒரு அண்ணன் இருந்தாரு, எனக்கு அவர்தான் சீனியர். மதிய வெயில், இன்வெர்ட்டர் ஓடிட்டிருக்கு, ஸ்ட்ரிங்கை (வரிசையா கோர்த்த பேனல்களை) மாத்தணும்னு பேனல் வயரை இணைக்கற எம்சி4 கனெக்டரை அப்படியே இழுத்துட்டாரு. பேனல் கரண்ட்டைத் துண்டிக்கற டிசி ஐசொலேட்டரை ஆஃப் பண்ணவே இல்ல. ஒரு நீல வெளிச்சம், சர்ர்ருனு ஒரு சத்தம், கனெக்டர் உருகி சொட்டுது, அவர் கையை உதறிட்டு என்னையே பாக்குறாரு. ஈபி-ல வர்ற ஏசி கரண்ட்னா செகண்டுக்கு நூறு தடவை ஜீரோவைத் தொடும், ஆர்க் (அந்த நீல வெளிச்சம்) தானா அணைய வாய்ப்பு உண்டு. பேனல்ல வர்ற டிசி-ல அது கிடையாது, இழுக்க இழுக்க ஆர்க் நீளும். பேனலுக்கு சுவிட்ச் கிடையாது, வெயில் இருக்கற வரைக்கும் அது உயிரோடதான் இருக்கும். இதை எனக்கு கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க, அவருக்கு யாரும் சொல்லல. அனுபவம் உள்ளவங்களுக்கு ஆர்பிஎல்னு தனியா அசெஸ்மென்ட் வச்சு சர்டிபிகேட் தர்ற ஏற்பாடு இருக்கு, அதுக்கு அவரைப் போகச் சொன்னா "எனக்குப் பாடம் எடுக்கப் போறானுங்களா"ங்கறாரு. கை ஆறிருச்சு, பேச்சு மாறல.

நிலா_மதுரை

நானும் சூர்யமித்ராதான், பொண்ணு. பெண்களுக்கு முன்னுரிமைன்னு நோட்டீஸ்லயே போட்டிருப்பாங்க, எங்க பேட்ச்ல நாங்க 4 பேரு. தியரி எல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்ல. உயரத்துல வேலை செய்ற பிராக்டிகல் அன்னிக்கு ஹார்னஸ் (கீழ விழாம இருக்க மாட்டிக்கற பட்டை) குடுத்தாங்க, எல்லாமே ஒரே சைஸ், என் தோள்ல நிக்கவே இல்ல, கால் பட்டையை கடைசி ஓட்டை வரைக்கும் இழுத்தும் தொளதொளன்னு தொங்குது. இதோட விழுந்தா நான் மட்டும் கீழ போவேன், ஹார்னஸ் மேலயே நிக்கும் சார்னு சொன்னேன். அதுக்கு பயிற்சி குடுத்தவரு "நீ ஏன்மா ஏறணும், கீழ நின்னு டூல்ஸ் எடுத்துக் குடு, போட்டோவுக்கு மட்டும் ஒரு தடவை ஏறிக்கோ"ன்னாரு.

திட்டிச் சொல்லல அவரு, அதான் கஷ்டம். அக்கறையா சொன்னாரு. அந்த போட்டோவுல நான் ஏணியில ரெண்டாவது படில நின்னு சிரிச்சுட்டிருப்பேன். எங்க நாலு பேருல ஒருத்திதான் இப்ப இந்த வேலைல இருக்கா, அவளும் ஆபீஸ்ல போர்ட்டல் என்ட்ரி பண்றா. சூரியக்கம்பி அண்ணா, சீட்டு கணக்கு பேசறீங்களே, இதையும் கணக்குல சேருங்க.

ஓய்வு_பொறியாளர்

எல்லாருக்கும் வணக்கம். என் அனுபவம் ஒரு வரிதான். எங்க அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்ல காமன் ஏரியா சோலாருக்கு கிலோவாட்டுக்கு 18,000 மத்திய அரசு தருதுன்னு விளக்கமா பேசி முடிச்சேன், மூணாவது மாடிக்காரர் எழுந்து "லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் தானே சார், நான் தரைத்தளம், லிஃப்ட்ல ஏறினதே இல்ல"ன்னாரு. மன்னிக்கவும், அவர் தரைத்தளம், மூணாவது மாடிக்காரர் கைதட்டினவர். தீர்மானம் தோத்துப்போச்சு.

இப்ப மொட்டைமாடி தம்பிக்கு சில விஷயம் சொல்லணும். நீங்க 3 கிலோவாட் போட்டதே தேவையான்னு யோசிச்சீங்களா? முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூணாவதுக்கு 18,000 தான், அதுக்கு மேல எவ்வளவு போட்டாலும் 78,000 தாண்டாது. வெண்டர் எல்லாரும் 3-ன்னே பேசறது உங்க நன்மைக்கு இல்ல. நம்ம தமிழ்நாட்டுல 2 மாசத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினா இடையில இருக்கற யூனிட்டுக்கும் சேத்து ரேட் ஏறிடும், அதனால 500-ஐத் தாண்டற வீட்டுக்குத்தான் சோலார் உண்மையான லாபம். 1 கிலோவாட் நாளைக்கு சுமாரா 4 யூனிட் தரும், 2 மாசத்துக்கு 240 பக்கம். உங்க பில்லே 300 யூனிட்தான்னா 1 கிலோவாட் போதும், மிச்சம் கடன் வட்டி.

அடுத்தது டிசிஆர், அதாவது உள்நாட்டுத் தயாரிப்பு விதி. மானியம் வேணும்னா பேனல் மட்டும் இல்ல, உள்ள இருக்கற செல்லும் இந்தியால செஞ்சதா இருக்கணும். பின்னாடி ஸ்டிக்கரைப் பாத்து ஏமாறாதீங்க, ஒவ்வொரு பேனலோட சீரியல் நம்பரையும் எழுதி வச்சு ஆன்லைன்ல சரிபாருங்க, ஏத்தறதுக்கு முன்னாடி, ஏத்தின அப்பறம் பின்பக்கம் குனிஞ்சு பாக்க முடியாது. 5 வருஷம் பராமரிப்பு வெண்டர் பொறுப்பு, அதை அக்ரிமென்ட்ல படிச்சுக் கையெழுத்து போடணும். ஈபி கனெக்ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்க பேர்லதான் விண்ணப்பம், பேங்க் அக்கவுண்ட் பேரும் ஒத்துப்போகணும், அப்பா தாத்தா பேர்ல இருந்தா முதல்ல பேர் மாத்திட்டு அப்பறம் போர்ட்டல் பக்கம் போங்க. தண்ணி டேங்க் நிழல் எந்த மாசம் எங்க விழுதுன்னு பாருங்க, டிசம்பர் நிழல் வேற ஜூன் நிழல் வேற. முதல்ல வீட்டு ஃபேனை மாத்துங்க, பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி மோட்டார் வச்ச புது ஃபேன் 30 வாட் பக்கம்தான். அதைச் செய்யாம கூரைல கொண்டுபோய் பணத்தைக் கொட்டறாங்க.

மொட்டைமாடி_திருச்சி

ஐயா நான் செக்கு கட்டைப் பத்தி எழுதினேன், என் வீட்டு யூனிட்டைப் பத்தி எழுதவே இல்ல :) எங்க பில் 800 தாண்டும், கூட்டுக் குடும்பம், 2 ஏசி. ஃபேனும் மாத்தியாச்சு.

ஆடிட்டர்_கோவை

கணக்கு ஆடிட்டர் இல்ல, எனர்ஜி ஆடிட்டர், மின்சாரம் எங்க வீணாகுதுன்னு பாத்துச் சொல்றவன். சின்ன யூனிட்டுகளுக்கு ஆடிட் செலவுல ஒரு பங்கைத் திருப்பித் தர்ற பீஸ் (PEACE) திட்டம் மாநில அரசுல இருக்கு, மாவட்டத் தொழில் மையம் வழியா. அதுக்காக ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலாளி வாசல்லயே கேட்ட முதல் கேள்வி, "இந்த ரிப்போர்ட் ஈபிக்குப் போகுமா, ஜிஎஸ்டிக்குப் போகுமா?" எங்கயும் போகாது சார்னு சொல்லி நம்ப வைக்கவே நேரம் ஆச்சு.

சாப்பாட்டு நேரத்துல எல்லா மிஷினையும் நிறுத்தச் சொன்னேன், மிஷினுக்குக் காத்தை அழுத்தி அனுப்பற கம்ப்ரஸர் மட்டும் ஓடட்டும்னேன். ஒரு ஆள்கூட காத்து எடுக்கல, ஆனா கம்ப்ரஸர் லோடு ஆகுது (காத்தை அடைக்குது), அன்லோடு ஆகுது (சும்மா ஓடுது), திரும்ப லோடு ஆகுது. ஸ்டாப்வாட்ச் வச்சு லோடு நேரத்தை மொத்த நேரத்தால வகுத்தா கம்ப்ரஸர் தர்ற காத்துல எத்தனை பங்கு ஓட்டை வழியா போகுதுன்னு வந்துடும். அவருக்குக் கணக்கு காட்டறதுக்கு முன்னாடியே அவர் காதுல விழுந்துருச்சு. மிஷின் சத்தம் இல்லாததால ஷெட்டு முழுக்க உஸ்ஸுனு. ஹோஸ் ஜாயின்ட், பழைய வால்வு, எங்கயோ மூலைல யாரும் பயன்படுத்தாத ஒரு லைன். அவர் செருப்பைக் கழட்டிட்டு மெதுவா நடந்து ஒவ்வொரு இடமா காதை வச்சுக் கேட்டாரு, 18 வருஷம் இந்த ஷெட்டுல இருக்கேன் இதை ஒருநாள்கூட கேட்டதில்லன்னாரு.

இதுல உறுத்தறது என்னன்னா, அந்த ஓட்டைகளை அடைக்க ஆன செலவு அவருக்குப் பெட்டிக்கடைக் காசு, மறுநாளே அடைச்சுட்டாரு. பிரஷரையும் 1 பார் குறைச்சாரு, அதுலயே 6-ல இருந்து 10 சதவீதம் வரைக்கும் மின்சாரம் மிச்சமாகும். ஆனா மானியத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கவே இல்ல. "கவர்மென்ட் காசு வாங்கினா கவர்மென்ட் ஆளு வருவான்"னு கையெடுத்துக் கும்பிட்டாரு. என் ஃபீஸை முழுசா சொந்தக் காசுல குடுத்தாரு.

வேலைதேடும் தம்பி, உங்களுக்கு சூர்யமித்ரா சரிப்படாது, சூரியக்கம்பி சொன்னது ஒரு விதத்துல நியாயம். மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பான பிஇஇ நடத்தற எனர்ஜி மேனேஜர், ஆடிட்டர் பரீட்சை பாருங்க. மேனேஜருக்கு 3 பேப்பர், ஆடிட்டருக்கு நாலாவதும் சேத்து எழுதணும், நாலாவது புத்தகம் பாத்தே எழுதலாம், அதை நம்பி ஏமாறாதீங்க, தேடறதுக்குள்ள நேரம் போயிரும். பிஇ-க்கு மேல 3 வருஷ அனுபவம் கேப்பாங்க, அதனால இப்பவே ஏதாவது ஒரு பிளான்ட்ல மெயின்டனன்ஸ்ல சேந்துருங்க. காத்தாலைல ஆர்வம் இருந்தா பள்ளிக்கரணைல இருக்கற தேசிய காற்றாற்றல் நிறுவனத்தோட பயிற்சி அறிவிப்புகளையும் பாத்துட்டே இருங்க.

வேலைதேடும்_ட்ரிபிள்இ

நன்றி சார். அனுபவம் வாங்க வேலை வேணும், வேலைக்கு அனுபவம் வேணும், பழைய கதைதான். பரீட்சை புக்கெல்லாம் டவுன்லோடு பண்ணிட்டேன்.

கிணத்துமேடு

நான் விவசாயி, எல்லாரும் கூரையைப் பத்தியே பேசறீங்க. விவசாயிகளுக்கு மானியம் தர்ற பிஎம் குசும் திட்டத்துல 5 எச்பி சோலார் பம்பு போட்டேன், வேளாண் பொறியியல் துறை மூலமா, 30 சதவீதம் மத்திய அரசு, 30 சதவீதம் மாநில அரசு, மீதி நம்ம பங்கு. போட்டது எல்லாம் நல்லபடியாதான். கடைசி நாள் போட்டோ எடுக்கணும்னாங்க, லொகேஷனோட, நான் போர்டைப் பிடிச்சுட்டு நிக்கணும், பின்னாடி பைப்புல தண்ணி கொட்டணும். போர்டைப் பிடிச்சேன், மேகம் வந்துருச்சு. தண்ணி நூலா வருது. கம்பெனிக்காரப் பையன், ஆபீசர், நானு, என் வீட்டுக்காரம்மா, ஆடு மேய்க்க வந்த பெரியவர் எல்லாரும் அண்ணாந்து வானத்தைப் பாத்துட்டு நிக்கறோம். வெயில் வந்ததும் எல்லாரும் "ஆங் ஆங் இப்ப இப்ப"ன்னு கத்துனாங்க. அந்தப் பெரியவர் கேட்டாரு, "போட்டோவுக்கே இந்தப் பாடுன்னா கார்த்திகை மாசம் என்ன பண்ணுவீங்க?" ஆபீசர் சிரிச்சுட்டே வண்டில ஏறிட்டாரு.

பதில் எனக்கும் தேவைப்படுது. அடைமழை சமயத்துல தண்ணிக்கு அவசரம் இல்லன்னு வச்சுக்கலாம், ஆனா வெயில் காலத்துலயே இப்ப தண்ணி குறைஞ்ச மாதிரி இருக்கு. பேனல் மேல தூசி, மயில் எச்சம். நட்டநடு மதியம் பைப்பைப் பிடிச்சு அடிச்சுக் கழுவினா போதுமா? யாரும் சொல்லித் தரல.

சூரியக்கம்பி

மதியம் கழுவாதீங்க அண்ணே, கொதிக்கற கண்ணாடில பச்சைத் தண்ணி பட்டா விரிசல் விடலாம், கரண்ட்டும் ஃபுல்லா இருக்கற நேரம். விடியக்காலைல, வெயில் ஏறறதுக்கு முன்னாடி, ஐசொலேட்டரை ஆஃப் பண்ணிட்டு மெத்துனு இருக்கற துணில துடைங்க, சோப்பு வேணாம், உப்புத் தண்ணி வேணவே வேணாம். ஸ்ட்ரக்சர் சாய்வு மாத்தற மாதிரி போல்ட் வச்சதான்னு பாருங்க, அப்படி இருந்தா வெயில் காலத்துல படுக்கையா, பனிக்காலத்துல நிமித்தி வைக்கணும். 5 வருஷம் பராமரிப்பு அவங்க பொறுப்பு, போன் போட்டு வரச் சொல்லுங்க. பம்பை ஓட்டற கன்ட்ரோலர் பெட்டி டிஸ்பிளேல மத்தியானம் 12 மணிக்கு என்ன வோல்ட் என்ன ஆம்ப்ஸ் காட்டுதுன்னு போட்டோ எடுத்துப் போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.