சின்ன சர்க்யூட் போர்டுக்கு எந்த சால்டரிங் அயர்ன்?

கவின்: மாமா, புது சால்டரிங் அயர்ன் வாங்கப் போகிறேன். 0603 என்ற பொடி அளவு ரெசிஸ்டர், 0.5 மி.மீ. இடைவெளியில் கால் இருக்கும் ஐசி சிப் எல்லாம் வைக்க வேண்டும். 15 வாட், ஊசி முனை உள்ளதைப் பார்த்து வைத்திருக்கிறேன். சரியா?

செல்வம் மாமா: வேண்டாம்ப்பா. சின்ன வேலைக்குச் சின்ன வாட் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் போர்டில் கால் ஒட்டும் செம்புத் திட்டு, அதாவது பேடில் வைத்ததும் முனை சூட்டை இழந்துவிடும். அதை உடனே மீட்க வாட் வேண்டும், அளவோடு நிறுத்த வெப்பக் கட்டுப்பாடு வேண்டும்.

செல்வம் மாமா: ஹீட்டரும் சென்சாரும் முனைக்குள்ளேயே இருக்கும் வகையாக வாங்கு. டி12, ஜேபிசி கம்பெனியின் சி245, சி210 முனைகள் எல்லாம் அப்படித்தான். கிரவுண்டோடு, அதாவது சூட்டை உறிஞ்சும் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்த பேடில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பிரியா: பிடிக்கும் இடத்தையும் பார் கவின். என் பழைய அயர்னில் விரலுக்கும் நுனிக்கும் ரொம்பத் தூரம். கை லேசாக அசைந்தாலே பக்கத்துக் காலில் போய் முட்டும்.

செல்வம் மாமா: ஆமாம், சி210 கைப்பிடி அந்த விஷயத்தில் அருமை.

கவின்: ஊசி முனை?

செல்வம் மாமா: அதை விட்டுவிடு. பேடைத் தொடும் பரப்பு துளியூண்டு, சூடு இறங்காது. சால்டரும் நுனியில் நிற்காமல் மேலே ஏறிவிடும். 1.5 மி.மீ. அளவில் தட்டை முனை ஒன்று, சாய்வாக வெட்டிய முனை ஒன்று, இரண்டும் இருந்தால் போதும்.

கவின்: சாய்வு முனை எதற்கு?

செல்வம் மாமா: ஐசிக்கு. எதிரெதிர் மூலையில் இரண்டு கால்களை முதலில் பிடிக்க வை. வரிசை முழுக்க, சால்டர் நன்றாகப் பரவி ஒட்ட உதவும் பிளக்ஸ் தடவு. முனையின் சாய்வில் கொஞ்சம் சால்டர் ஏந்தி மெதுவாக இழு, ஒவ்வொரு காலும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இரண்டு கால் ஒட்டிக்கொண்டால் மறுபடி பிளக்ஸ் போட்டு, முனையைத் துடைத்துவிட்டு வெளிப்பக்கமாக இழு. பிளக்ஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

பிரியா: எத்தனை டிகிரி வைக்கலாம் மாமா?

செல்வம் மாமா: 63/37 சால்டர் (63% வெள்ளீயம், 37% ஈயம்) 183 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு 320 வைத்தால் போதும். ஈயமில்லாதது 217-க்கு மேல்தான் உருகத் தொடங்கும், 350 வரை போகலாம். 400-க்கு ஏற்றினால் பேடே பெயர்ந்து வரும், முனையும் கறுத்துவிடும்.

கவின்: சி டைப் சார்ஜரில் ஓடும் பைன்சில் அயர்ன் எப்படி?

செல்வம் மாமா: நல்லதுதான், 60 வாட்டுக்குக் குறையாத சார்ஜர் வேண்டும். ஆனால் இரண்டு முள் சார்ஜரில் எர்த் கிடையாது, முனையில் கசியும் மின்சாரம் ஐசியைக் கெடுக்கலாம். நீ தினமும் ஐசியோடு மல்லுக்கட்டுபவன், எர்த் உள்ள சால்டரிங் ஸ்டேஷனே (கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வரும் அயர்ன்) வாங்கு.

மீனா அத்தை: கவின், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. சாப்பிடுகிற மேசையில் வைத்துச் செய்யாதே, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு.

கவின்: சரி அத்தை. ஜன்னல் பக்கம் தனி மேசை போட்டுவிட்டேன், ஃபேனும் வெளியே பார்த்து இருக்கிறது.